போர்வெல் தண்ணீர் வெதுவெதுப்பா வந்தா, கீழே லாவா கடலா?

காரைக்குடி வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: "ரஷ்யர்கள் துளை போட்டு மாண்டிலைப் பார்த்துவிட்டார்கள். அது முழுக்கக் கொதிக்கும் குழம்பு. நம்ம போர் தண்ணீர் சூடாக வருவதும் அதனால்தான்."

தவறு. மாண்டில் என்பது பூமியின் மேலோட்டுக்கும் நடுவிலுள்ள கருவுக்கும் இடைப்பட்ட தடித்த அடுக்கு. ரஷ்யாவின் கோலா துளை 1989-ல் 12,262 மீட்டரை எட்டியது. அங்கேயே சுமார் 180 டிகிரி வெப்பம். மேற்கொண்டு போக முடியவில்லை. கண்டங்களுக்கு அடியில் மாண்டில் தொடங்குவதே ஏறக்குறைய 35 கிலோமீட்டரில். யாரும் அதைத் துளையிட்டுப் பார்த்ததில்லை.

பிறகு எப்படித் தெரியும்? ஆத்தங்குடிக் கல் பதிக்கும் கொத்தனாரைப் பாருங்கள். விரல் முட்டியால் தட்டுவார்; "டொக்" என்றால் அடியில் கலவை இல்லை, கல்லைப் பெயர்ப்பார். பூமியைத் தட்டுவது நிலநடுக்கம். அது கிளப்பும் அதிர்வலைகளில் ஒன்றான எஸ் அலை குறுக்கே ஆட்டிக்கொண்டு போவது. திரவத்துக்குள் நுழையவே நுழையாது. அந்த அலை மாண்டிலை ஊடுருவி வருகிறது. ஆக, மாண்டில் பெரும்பாலும் திடப்பாறை. கோடிக்கணக்கான ஆண்டுகளில் மெல்ல நகர்கிற பாறை. சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழத்தில்தான் எஸ் அலை நின்றுபோகிறது. அங்கே உருகிய இரும்பாலான வெளிக்கரு.

ஆப்பிரிக்காவுக்கும் பசிபிக்குக்கும் அடியில், மாண்டிலின் அடித்தட்டில், எஸ் அலை தயங்கிப் போகிற இரண்டு பிரம்மாண்டப் பகுதிகள் உண்டு. அவை என்ன என்பதில் இன்னும் சண்டை ஓயவில்லை. பரப்புவதற்கு இதைவிடச் சுவாரசியமான செய்தி வேண்டுமா!

போர் தண்ணீருக்கு வருவோம். ஆழம் ஒரு கிலோமீட்டர் கூடினால் வெப்பம் சுமார் 25 முதல் 30 டிகிரி கூடும். ஆயிரம் அடி போருக்கு எட்டு ஒன்பது டிகிரி. அவ்வளவுதான்.