செல்லோ தொகுப்புகளை எழுதியது பாக்கின் மனைவியா?

பாக் பதினெட்டாம் நூற்றாண்டின் ஜெர்மானிய இசையமைப்பாளர், செல்லோ என்பது வயலின் வகையைச் சேர்ந்த பெரிய கம்பி வாத்தியம். "பாக்கின் ஆறு செல்லோ தொகுப்புகளை இயற்றியது அவர் மனைவி அன்னா மக்தலேனாதான், பெயரை மட்டும் கணவர் எடுத்துக்கொண்டார்" என்று ஒரு செய்தி பகிரப்படுகிறது. உண்மை இல்லை.

பாக் கைப்பட எழுதிய மூலம் தொலைந்துவிட்டது. அன்னா படியெடுத்த பிரதி கிடைத்திருக்கிறது, அதன் முகப்பில் 'இயற்றியவர் பாக், எழுதியவர் அவர் மனைவி' என்று இரண்டும் தனித்தனியாக இருக்கிறது ('எழுதியவர்' என்பது இங்கே படியெடுத்தவர்), இதில் பின்பாதியை மட்டும் பிடித்துக்கொள்வது இந்தக் கதைக்குச் சொல்லப்படும் ஆதாரங்களில் ஒன்று. கெல்னர் என்ற ஆர்கன் கலைஞர் 1726 வாக்கில் எடுத்த பிரதியிலும் பாக் பெயர்தான்.

சரி, அப்படியானால் அன்னா வெறும் பிரதி எடுப்பவரா? அதுவும் இல்லை, எனக்கு வருத்தமே இங்கேதான். அப்பா அரசவை எக்காளக் கலைஞர். அன்னா 1721-இல், இருபது வயதில், ஜெர்மனியின் கோத்தன் அரசவையில் சம்பளம் வாங்கிய பாடகி, அந்த டிசம்பரில்தான் பாக்கை மணந்தார். பதின்மூன்று குழந்தைகள் பெற்றார், ஏழு சிறு வயதிலேயே போய்விட்டன. இதற்கு நடுவிலும் 1729-இல் கோத்தன் இளவரசர் லியோபோல்டின் இறுதிச் சடங்கு இசைக்குக் கணவரோடு போனார். 1760-இல் லைப்சிக்கில் உதவித்தொகையில் வாழ்ந்து இறந்தார். பகிர்வதென்றால் இதைப் பகிருங்கள்.