அம்மான்ர பிரிட்ஜும் ஐயான்ர சொத்தும்

அண்டைக்குக் கூட்டத்தில, பதவியில இருக்கிற எங்கட ஐயாவிட்ட ஒரு பெடியன் கேள்வி கேட்டது எல்லாருக்கும் தெரியும். "ஐயா, சொத்து விபரம் குடுத்தாச்சோ?" எண்டு பெடியன் மரியாதையாத்தான் கேட்டவன். "என்ர வீட்டுக் கணக்கு கேக்க நீ ஆர்?" எண்டு பதில். அதுக்குக் கைதட்டு வேற. தட்டுங்கோ, நல்லாத் தட்டுங்கோ.

அது வீட்டுக் கணக்கு இல்லை ஐயா, சட்டம். இலங்கையின்ர 2023ஆம் ஆண்டு 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம். மார்ச் 31இல உங்களிட்ட, மனிசியிட்ட, 18 வயசுக்குக் குறைஞ்ச பிள்ளையளிட்ட என்ன இருக்கு, எவ்வளவு கடன் எண்டு எழுதி ஜூன் 30க்குள்ள குடுக்கோணும். புதுசும் இல்லை, 1975லயே சட்டம் இருந்தது, என்ன, காசு கட்டிப் பிரதி எடுக்கலாம் ஆனா எடுத்ததை வெளியில சொல்லக்கூடாதாம், பலகாரத்தைத் தந்து வாயைக் கட்டின மாதிரி.

"பாதுகாப்புப் பிரச்சினை" எண்டு ஒருத்தர் இன்பொக்ஸில பாடம் எடுக்கிறார். சொத்து விபரத்தை இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின்ர வெப்சைட்டில போடேக்க வங்கிக் கணக்கு நம்பரை எல்லாம் மறைச்சுத்தான் போடுறவை, போய்ப் பாருங்கோ. படிவம் நீட்டு, நிரப்பக் கஷ்டம் எண்டா சரி, அது உண்மைதான். நான் மற்றக் கட்சி ஆளாம். இருந்திட்டுப் போறன், கேள்வி பிழையோ?

அந்தரங்கம் எண்டு கதைக்கிறியளே, வறுமைப்பட்ட குடும்பங்களுக்கு அரசாங்கம் குடுக்கிற அஸ்வெசும காசுக்குக் கணக்கெடுக்க வந்தநேரம் எங்க போனது அந்தரங்கம்? 22 குறிகாட்டி. கரண்ட் எவ்வளவு, கூரை என்ன, வீட்டில ஆருக்கு வருத்தம். அம்மா ஒண்டும் ஒளிக்கேல்லை. பிறகு பேர் லிஸ்டை ஊருக்கே ஒட்டிவிட்டு, ஆட்சேபனை இருந்தா சொல்லுங்கோ எண்டவை. ஆரோ எழுதிப் போட்டிட்டினம், "வீட்டில பிரிட்ஜ் இருக்கு" எண்டு. ஓம் இருக்கு. அண்ணா கட்டாரில இருந்து வரேக்க வாங்கித் தந்தது, கொம்பிரசர் போய் எத்தினையோ வருசம். எலிக்குப் பயந்து அதுக்குள்ள அரிசியும் மாவும் வைக்கிறா. அதுக்கு விசாரணை, அலைச்சல், வெயிலுக்க லைன். ஒரு கிழவியின்ர பழுதான பிரிட்ஜுக்கு ஊரே கணக்குக் கேக்கலாம், திருகோணமலை உப்புவெளிக் கடற்கரைப் பக்கம் ஆரின்ர காணி எண்டு கேட்டா மட்டும் நீ ஆர்!

அப்ப கைதட்டின ஆக்களில ரெண்டு பேர் எங்கட ஒழுங்கைதான். அதுதான் சுடுது, ஐயா சொன்னது இல்லை.

அம்மா இப்பவும் அரிசி எடுக்கப் போகேக்க முதல்ல படலை சாத்தியிருக்கோ எண்டு பாத்திட்டுத்தான் பிரிட்ஜைத் திறக்கிறா.