69 ஜிபியை ஃபார்மேட் தின்னவில்லை

1 டிபி டிஸ்க் 931 ஜிபி காட்டுவதற்கு ஃபார்மேட்டிங்தான் (டிஸ்க்கைப் பயன்பாட்டுக்குத் தயார் செய்வது) காரணம் என்று ஒரு கட்டுரையில் இருப்பது சரியில்லைங்க. டிஸ்க் கம்பெனி 1 டிபி என்பது 1 லட்சம் கோடி பைட்; விண்டோஸ் அதை 1024-ஐ மூன்று முறை பெருக்கி வரும் 107,37,41,824-ஆல் வகுக்கிறது, விடை 931. டிரைவை ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் பாருங்க, கெப்பாசிட்டி வரியில் பைட் கணக்கும் 931-ம் பக்கத்திலேயே நிற்கும். ஃபார்மேட் எடுக்கும் இடம் சொற்பம், அதுவும் யூஸ்டு ஸ்பேஸில்தான் விழும். ஆப்பிளின் மேக் கம்ப்யூட்டரில் 2009 முதல் 1024-க்குப் பதில் 1000 கணக்கு என்பதால் அதே டிஸ்க் அங்கே 1 டிபி என்றே தெரியும். கோவை காந்திபுரத்தில் வாங்கிய பென் டிரைவ் அளவு குறைவாகக் காட்டுவதால் போலி என்று அந்தக் கட்டுரைக்குக் கீழே எழுதியவருக்கு: போலி பென் டிரைவ் குறைத்துக் காட்டாது, முழு அளவையும் காட்டிவிட்டு, நிரப்பும்போதுதான் ஃபைலைக் கெடுக்கும். இந்த 1000, 1024 குழப்பம் உண்மையில் இடிக்கிற இடம் சிசிடிவி. திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் 8 கேமரா, தலா 2 எம்பிபிஎஸ் (நொடிக்கு 2 மெகாபிட்) என்றால் (எட்டு பிட் ஒரு பைட், அதை விட்டால் எல்லாம் போச்சு) நொடிக்கு 2 எம்பி, நாளுக்கு 172.8 ஜிபி. இது 1000 கணக்கு. 2 டிபி டிஸ்க்கை 2000 ஜிபி என்றே வைத்து வகுத்தால் பதினொன்றரை நாள் ரெக்கார்டிங் நிற்கும். விண்டோஸ் திரையில் அதே டிஸ்க்குக்குத் தெரியும் 1863-ஐ வகுத்தால் 10.8 என்று தப்பாக வரும். விண்டோஸில் டிஸ்க்கைப் பிரித்து பார்ட்டிஷன் போடும்போது இதற்கு நேர் எதிர், அங்கே 1024 கணக்கு: 200 ஜிபி காட்ட 2,04,800 எம்பி கொடுக்கணும், 2,00,000 கொடுத்தால் 195.3 தான் வரும்.