ஜேசிபி ஓட்டுநரைத் திட்டுவதற்கு முன்

எங்காவது கேபிள் அறுந்தாலோ குழாய் உடைந்தாலோ முதல் பழி ஜேசிபி ஓட்டுநர் தலையில்தான் விழுகிறது. "பார்த்துத் தோண்டக் கூடாதா?" என்பார்கள். மண்ணுக்குள் எப்படிப் பார்ப்பது என்று யாரும் கேட்பதில்லை. வரைபடம் அனுப்பாத நிறுவனம், அனுப்பியும் பத்து வருடப் பழசை அனுப்பிய நிறுவனம், லைன் எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே கவனமாகத் தோண்டிப் பார்க்கும் சோதனைக் குழிக்குக் காசு ஒதுக்காத ஒப்பந்தம் என்று எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் பக்கெட் மண்ணில் இறங்குகிறது. ஒரே சாலைக்குக் கீழே குடியிருக்கும் மின்சாரம், எரிவாயு, குடிநீர், கழிவுநீர், தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளாததுதான் பெரும்பாலான சேதங்களுக்குக் காரணம் என்பது என் கட்சி. ஓட்டுநர் கவனம் முக்கியம்தான். ஆனால் அது கடைசி வரிசை.

தோண்டும் முன் தகவல் சொல்லும் ஏற்பாடு பல நாடுகளில் இருக்கிறது. அமெரிக்காவில் 2007 முதல் நாடு முழுக்க 811 என்ற ஒரே எண். நெதர்லாந்தில் 2008 சட்டத்துக்குப் பிறகு, இயந்திரம் இறக்கும் முன் நிலப்பதிவு அமைப்பான கடாஸ்டர் வழியாக லைன் விவரம் கேட்டு வாங்கியாக வேண்டும். இந்தியாவில் 2023 மார்ச்சில் 'கால் பிஃபோர் யு டிக்' செயலி வந்தது. எல்லாம் நல்லதே. ஆனால் இவை செய்வது தபால்காரர் வேலை. பதில் எழுத வேண்டியவர்கள் நிறுவனங்கள்தான், ஓட்டை அங்கேதான் இருக்கிறது.

ஆறு நிறுவனங்களுக்குத் தகவல் போகிறது, நான்கு பேர் வந்து தங்கள் லைன் போகும் இடத்தைத் தரையில் பெயின்டால் குறித்துவிட்டுப் போகிறார்கள் என்று வையுங்கள். மீதி இரண்டு பேருக்கு அங்கே லைன் இல்லையா, அனுப்ப ஆள் இல்லையா, தகவலே போய்ச் சேரவில்லையா? தோண்டுபவருக்குத் தெரியாது. பதிலுக்கான கெடு முடிந்ததும் "யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அதனால் ஒன்றும் இல்லை" என்று வேலையைத் தொடங்கிவிடுவார். ஒவ்வொரு நிறுவனமும் மூன்றில் ஒரு பதிலை எழுத்தில் தந்தே ஆக வேண்டும்: "குறித்துவிட்டோம்", "எங்களுக்கு அங்கே எதுவும் இல்லை", "இன்னும் குறிக்க முடியவில்லை, இந்தத் தேதி வரை பொறுங்கள்". ஆறு பதிலும் வராமல் பக்கெட் இறங்கக் கூடாது. இந்த ஒரு விதியைக் கறாராகப் பிடித்தாலே பாதிச் சண்டை தீரும்.

தோண்டுபவர் பக்கமும் கடமை உண்டு. தோண்டப்போகும் இடத்தை முதலில் அவர் வெள்ளைப் பெயின்டால் காட்ட வேண்டும். "மெயின் ரோடு முழுக்க" என்று விண்ணப்பம் போட்டால், குறிக்க வருபவர் ஒரு கிலோமீட்டருக்கு அவசர அவசரமாகக் கோடு இழுத்துவிட்டுப் போவார், தரம் அடிபடும். அமெரிக்க வழக்கில் மின்சாரத்துக்குச் சிவப்பு, எரிவாயுவுக்கும் எண்ணெய்க்கும் மஞ்சள், தொலைத்தொடர்புக்கு ஆரஞ்சு, குடிநீருக்கு நீலம், கழிவுநீருக்குப் பச்சை. எந்த நிறம் என்பதைவிட எல்லா நிறுவனமும் ஒரே நிறப்பட்டியலைப் பின்பற்றுவதுதான் முக்கியம். பெயின்ட் மழையில் போகும், முதல் அடுக்கு மண்ணை எடுத்ததுமே போகும். எனவே ஒவ்வொரு கோட்டுக்கும் அசையாத இரண்டு புள்ளிகளிலிருந்து அளவு எடுத்து, போட்டோவும் எடுத்து வைக்க வேண்டும். குறியீட்டுக்குக் காலாவதித் தேதியும் வேண்டும்.

அடுத்தது ஆஸ்-பில்ட் டிராயிங், அதாவது லைனை உண்மையில் எங்கே பதித்தார்கள் என்று காட்ட வேண்டிய வரைபடம். பெயர் என்னவோ அப்படித்தான், உள்ளே இருப்பது பெரும்பாலும் வேலைக்கு முன் போட்ட டிசைன் டிராயிங்தான். நடுவில் பாறை வந்தது, கால்வாய் வந்தது, லைன் இரண்டு மீட்டர் விலகிப் போனது. காகிதத்தில் மட்டும் நேர்கோடு. சரியாக அளந்ததுகூட ஏமாற்றும். "சாலையோரக் கல்லிலிருந்து 1.2 மீட்டர்" என்று எழுதியிருப்பார்கள், சாலையை அகலப்படுத்தியபோது அந்தக் கல்லே இடம் மாறியிருக்கும். "ஆழம் 0.9 மீட்டர்" என்றிருக்கும், அதன்மேல் மூன்று முறை தார் போட்டு 20 சென்டிமீட்டர் ஏறியிருக்கும், அல்லது மேட்டை வெட்டிச் சாலையைத் தாழ்த்தியதில் அரை மீட்டர்தான் மிச்சமிருக்கும். ஆழத்தைத் தரையிலிருந்து சொன்னால் போதாது, நிலையான மட்டத்தோடு கட்டிச் சொல்ல வேண்டும்.

அளக்க வேண்டிய நேரம் ஒன்றே ஒன்றுதான்: பள்ளம் மூடாமல் குழாய் கண்ணுக்குத் தெரியும்போது. குழாயின் மேல்பக்கம், ஒவ்வொரு வளைவு, ஜாயிண்ட், அடுத்த லைனைக் கடக்கும் இடம், நேராகப் போகும் இடத்தில் பத்து மீட்டருக்கு ஒரு புள்ளி. மூடிய பிறகு அளப்பது ஊகம். இதோடு, நம் பள்ளத்தில் தெரிகிற அடுத்தவர் லைனையும் அளந்து அவருக்கு அனுப்ப வேண்டும். அவர் எத்தனை லட்சம் செலவழித்துத் தேடினாலும் கிடைக்காத துல்லியம் நம் பள்ளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நிறுவனங்கள் ஒருவருக்கொருவர் செய்யக்கூடிய இவ்வளவு மலிவான உதவி வேறில்லை. இதைத்தான் கிட்டத்தட்ட யாருமே செய்வதில்லை.

வரைபடத்தை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு அமெரிக்க சிவில் பொறியாளர் சங்கத்தின் தரநூல் 38 நான்கு படிகள் வைத்திருக்கிறது. பழைய பதிவை மட்டும் வைத்து வரைந்தால் டி. மேன்ஹோல், வால்வு மூடி போன்று மேலே தெரிபவற்றை அளந்து பதிவோடு பொருத்தினால் சி. கருவி வைத்துத் தேடினால் பி. தோண்டி நேரில் கண்டு அளந்தால் ஏ. ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் இந்த எழுத்து இருக்க வேண்டும். டி தரக் கோட்டையும் ஏ தரக் கோட்டையும் ஒரே தடிமனில், ஒரே நிறத்தில் அச்சடித்துக் கொடுப்பது ஏறக்குறைய பொய் சொல்வதுதான்.

கருவியும் தெய்வம் இல்லை. லைன் தேடும் கருவியான லொக்கேட்டர் கண்டுபிடிப்பது கேபிளை அல்ல, அதில் ஓடும் மின்னோட்டத்தின் காந்தப்புலத்தை. பல நிறுவனங்களின் லைன்கள் ஒரே எர்த்தில் இணைந்திருந்தால், நாம் ஏற்றிய சிக்னல் பக்கத்து லைன் வழியாகத் திரும்பும். நாம் பக்கத்து லைனுக்குக் கோடு போட்டுவிட்டு நம்முடையது என்போம். அந்த எர்த் இணைப்பைத் தற்காலிகமாகக் கழற்ற இன்னொரு நிறுவனத்தின் அனுமதியும் ஆளும் வேண்டும். ஒருங்கிணைப்பு நிஜமாகத் தேவைப்படும் இடம் இது. முடிந்தவரை சிக்னலை லைனுக்கே நேரடி இணைப்பாகக் கொடுத்துக் குறைந்த அதிர்வெண்ணில் தொடங்குங்கள். 33 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் போகப்போகச் சிக்னல் பக்கத்து லைனுக்குத் தாவுவது கூடும். சிக்னல் மிக அதிகமாகும் இடத்தைத் தேடும் உச்ச முறையும், சிக்னல் மறையும் இடத்தைத் தேடும் சுழிய முறையும் ஒரே இடத்தைக் காட்டாவிட்டால் புலம் சிதைந்திருக்கிறது என்று பொருள். ஆழத்தைச் சோதிக்கக் கருவியை 30 சென்டிமீட்டர் தூக்கிப் பாருங்கள். காட்டும் ஆழமும் அதே 30 ஏற வேண்டும், ஏறாவிட்டால் அந்த எண்ணை நம்பாதீர்கள். இன்னொன்று, அது காட்டுவது மையத்தின் ஆழம். 600 மில்லிமீட்டர் இரும்புக் குழாய் என்றால் அதன் முதுகு 300 மில்லிமீட்டர் மேலேயே வந்துவிடும்.

பிளாஸ்டிக் குழாயிலும் உலோகம் இல்லாத ஃபைபர் கேபிளிலும் லொக்கேட்டருக்குச் சிக்னலே இல்லை. பதிக்கும்போது கூடவே, பின்னால் சிக்னல் ஏற்றித் தேட உதவும் டிரேசர் வயர் போட்டு, இரண்டு முனையையும் கைக்கு எட்டும் பெட்டியில் கொண்டுவந்து விட்டு, மூடியபின் வயர் எங்கும் அறுபடாமல் இருக்கிறதா என்று சோதித்துக் கையெழுத்து வாங்க வேண்டும். வயர் போட்டோம், ஜாயிண்டில் இணைக்க மறந்தோம் என்பதுதான் வழக்கமான கதை. தரையூடுருவும் ரேடார் இருக்கிறதே என்பார்கள். ஈரக் களிமண்ணிலும் உப்பு மண்ணிலும் அலை சீக்கிரமே மங்கிவிடும், ஒரு மீட்டர்கூட எட்டாத இடங்கள் உண்டு. நல்ல மண்ணிலும், குழாயின் விட்டம் ஆழத்தில் பத்தில் ஒரு பங்காவது இருந்தால்தான் தெரியும் என்பது களத்துக் கணக்கு.

ஆக, கடைசி வார்த்தை சோதனைக் குழிக்குத்தான். குறித்த கோட்டுக்கு இரண்டு பக்கமும் அரை மீட்டருக்குள் இயந்திரம் போகக் கூடாது. கைவேலை, அல்லது காற்றோ நீரோ பீய்ச்சி மண்ணை உறிஞ்சும் வண்டி. கைவேலை என்றதும் கடப்பாரையைச் செங்குத்தாக ஓங்கிக் குத்துவார்கள். கேபிள் உறை கிழிவது அதனால்தான். பக்கவாட்டில் இருந்து மண்வெட்டியால் சீவிக்கொண்டே போக வேண்டும். எச்சரிக்கை டேப் தெரிந்தால் லைன் சுமார் 30 சென்டிமீட்டர் கீழே இருக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம். டேப் இல்லாததால் லைன் இல்லை என்று எடுத்துக்கொள்ளவே கூடாது.

பள்ளமே வெட்டாமல் துளைத்துக்கொண்டு போகும் ஹெச்டிடி வேலையில் ஆபத்து வேறு மாதிரி. 200 மில்லிமீட்டர் குழாய் இழுக்க வேண்டுமென்றால் துளையை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு, அதாவது 300 மில்லிமீட்டருக்கு ரீமர் என்ற அகலப்படுத்தும் தலையால் பெரிதாக்குவார்கள். முதலில் போகும் 100 மில்லிமீட்டர் தலை கேபிளுக்கு 80 மில்லிமீட்டர் இடைவெளியில் நழுவிப் போய்விடும், எல்லோரும் நிம்மதியாவார்கள். திரும்பி வரும் ரீமர் பக்கத்துக்கு 100 மில்லிமீட்டர் கூடுதலாக எடுக்கும், கேபிள் போய்விடும். கடக்கும் ஒவ்வொரு லைனிலும் குழி திறந்து, போகும் தலையையும் திரும்பும் ரீமரையும் கண்ணால் பார்க்க வேண்டும். இதைவிடப் பயங்கரம், எரிவாயுக் குழாய் கழிவுநீர்க் குழாயின் ஊடாகவே புகுந்து போய்விடுவது. அன்றைக்கு ஒன்றும் நடக்காது. பல வருடம் கழித்து அடைப்பு எடுக்க வருபவர் சுழலும் கத்தியை உள்ளே விடுவார், எரிவாயு வீட்டுக்குள் வரும். வீட்டு இணைப்புக் கழிவுநீர்க் குழாய்கள் பெரும்பாலும் எந்த வரைபடத்திலும் இருக்காது. துளைக்கும் முன்னும் பின்னும் கழிவுநீர்க் குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்ப்பதுதான் வழி. அதற்கு இரண்டு நிறுவனங்களும் ஒரே நாளில் ஆள் அனுப்ப வேண்டும்.

தொடாமலே உடைக்கவும் முடியும். குடிநீர்க் குழாய் திரும்பும் இடத்தில் அதன் முதுகுக்குப் பின்னால் ஒரு கான்கிரீட் கட்டை இருக்கும். தண்ணீரின் தள்ளுவிசையைப் பின்னாலுள்ள மண்ணுக்குக் கடத்துவது அதுதான். 300 மில்லிமீட்டர் குழாய், 10 பார் அழுத்தம், 90 டிகிரி வளைவு என்றால் விசை சுமார் 10 டன். கட்டைக்குப் பின்னால் மண்ணை எடுத்தால் ஜாயிண்ட் கழன்றுவிடும், பக்கெட் குழாயிலிருந்து ஒரு மீட்டர் தள்ளியே இருந்தாலும். இந்தக் கட்டைகள் வரைபடத்தில் இருந்து நான் கண்டது அரிது. குடிநீர் நிறுவனங்கள் முதலில் திருத்த வேண்டியது இதை.

பேசிக்கொள்ளாததன் விலை எவ்வளவு என்பதற்கு மெக்சிகோவின் குவாதலஹாரா. துத்தநாகம் பூசிய குடிநீர்க் குழாயைப் பெட்ரோல் போகும் இரும்புக் குழாயை ஒட்டிப் பதித்தார்கள். ஈர மண்ணில் இரண்டு உலோகங்கள் சேர்ந்ததில் இரும்பு அரித்துத் துளை விழுந்தது, பெட்ரோல் கழிவுநீர்க் குழாயில் இறங்கியது. ரயில் பாதைக்காக அந்தக் கழிவுநீர்க் குழாயைக் கீழே இறக்கி ஏற்றியிருந்ததால் தண்ணீர் போனது, பெட்ரோல் ஆவி மட்டும் உள்ளேயே தேங்கியது. 1992 ஏப்ரல் 22-ல் தெருக்கள் வெடித்து இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நான்கு துறைகள், தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு சாதாரண வேலை.

பெல்ஜியத்தின் கிஸ்லெங்கியெனில் கட்டுமான இயந்திரம் உயரழுத்த எரிவாயுக் குழாயைச் சுரண்டிவிட்டுப் போனது. குழாய் அன்று உடையவில்லை. பின்னால் அழுத்தம் ஏறியபோது, 2004 ஜூலை 30 அன்று வெடித்தது. 24 பேர் இறந்தார்கள், கசிவைக் கேட்டு வந்த தீயணைப்பு வீரர்களும் அதில் உண்டு. உடைந்த லைன் உடனே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். கீறல் விழுந்த லைன்தான் கொல்லும்.

இதனால்தான் சேதத்துக்குக் கண்மூடித்தனமாக அபராதம் போடுவதை எதிர்க்கிறேன். கீறலுக்கும் உடைப்புக்கும் ஒரே தண்டனை என்றால் கீறலின்மேல் டேப் சுற்றி மண்ணைத் தள்ளி மூடிவிடுவார்கள். உடனே சொன்னவருக்கு உறையை இலவசமாகச் சரிசெய்து கொடுங்கள், மறைத்தவரைக் கடுமையாகத் தண்டியுங்கள். உறைக் கீறலைச் சரிசெய்வது சில மணி நேர வேலை.

இடையில் ஒன்று: இரண்டு வழியில் ஃபைபர் வைத்திருப்பதால் எங்கள் சேவை நிற்காது என்று சொல்லும் நிறுவனங்கள், அந்த இரண்டு வழியும் வாடகைக்கு எடுத்த டக்ட்களாக (கேபிள் போகும் வெற்றுக் குழாய்களாக) ஒரே பள்ளத்தில் போகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளவும்.

செய்ய வேண்டியதில் பாதி ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. "நிலத்தடி லைன்களைக் கண்டறிவது ஒப்பந்ததாரர் பொறுப்பு" என்ற ஒற்றை வரியை எடுத்துவிடுங்கள். மொத்தத் தொகைக்குள் சோதனைக் குழியை அடக்கினால், வெட்டாத ஒவ்வொரு குழியும் ஒப்பந்ததாரருக்கு லாபம். அதைத் தனி அயிட்டமாக, குழி ஒன்றுக்கு இவ்வளவு என்று வைத்து, மதிப்பிட்டதைவிடக் கூடுதலாக வெட்டினாலும் பணம் உண்டு என்று எழுதுங்கள். பள்ளம் திறந்திருக்கும்போது எடுத்த அளவுகள் வராமல் கடைசிப் பில் பாஸ் ஆகாது என்றும் எழுதுங்கள்.