அந்தப் பெட்டியைக் காலியாக விடாதீர்கள்

எங்கள் அலுவலக விக்கியில், அதாவது எல்லோரும் எழுதித் திருத்தும் இணையக் குறிப்பேட்டில், நான் நீக்கிய ஒரே ஒரு வரியால், இரவுப் பணியில் இருந்த ஒரு தம்பி விடியும்வரை அல்லாடினான். இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. இன்று யாரோ ஒருவர் விக்கியில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று கேட்டதும் முதலில் நினைவுக்கு வந்தது அந்த இரவுதான்.

நடந்தது இதுதான். முதன்மை சர்வரை நிறுத்திவிட்டுத் துணை சர்வருக்கு மாறுவது எப்படி என்று ஒரு பக்கம். பத்துப் பன்னிரண்டு படிகள். நடுவில், ‘நிறுத்தியபின் 90 விநாடி காத்திருக்கவும்’ என்று ஒரு வரி. நிறுத்தும் கட்டளையே ‘நின்றுவிட்டது’ என்று சொல்கிறதே, பிறகு எதற்குக் காத்திருப்பு என்று எனக்குத் தோன்றியது. பக்கத்தை அழகுபடுத்துகிற உற்சாகத்தில் அதை எடுத்துவிட்டேன். மூன்று வாரம் கழித்து அந்தத் தம்பி பக்கத்தைப் பார்த்துப் படி பிசகாமல் செய்திருக்கிறான். பழைய சர்வர் கடைசிப் பதிவுகளை வட்டில் எழுதி முடிக்கும் முன்பே புதியது எழுந்துவிட்டது. இரண்டிலும் வெவ்வேறு கணக்கு. அதிகாலையில் தொலைபேசியில் அழைத்தான். “அண்ணா, அந்த வரியை ஏன் எடுத்தீர்கள்?” கோபம்கூட இல்லை. உண்மையாகவே காரணம் இருக்கும் என்று நம்பிக் கேட்டான். அதுதான் வலித்தது.

யார், எப்போது, எதை மாற்றினார் என்று காட்டும் வரலாற்றுப் பக்கத்தைத் திறந்தேன். என் பெயர், தேதி, நேரம், எத்தனை பைட்டு குறைந்தது என்று சிவப்பில் ஒரு கழித்தல் எண். என்ன மாற்றினோம், ஏன் மாற்றினோம் என்று ஒரு வரியில் எழுதவேண்டிய தொகுப்புச் சுருக்கப் பெட்டி வெறுமையாக இருந்தது. இன்னும் பின்னோக்கிப் போனால், அந்த வரியை முதலில் சேர்த்தவர் வேலையை விட்டுப் போய் வெகுகாலம் ஆகியிருந்தது. அவர் எழுதியிருந்த சுருக்கம் ஒரே சொல்: ‘அப்டேட்’. ஆக, அவரும் ஏன் சேர்த்தார் என்று சொல்லவில்லை, நானும் ஏன் நீக்கினேன் என்று சொல்லவில்லை. இரண்டு ஊமைகளுக்கு நடுவில் அந்தத் தம்பி மாட்டிக்கொண்டான்.

ஆர்ச் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் பயன்படுத்துவோர் சேர்ந்து எழுதும் ஆர்ச் விக்கியைக் கணினித் துறையில் இருப்பவர்கள் அறிவார்கள். உபுண்டு, டெபியன் போன்ற வேறு லினக்ஸ் வைத்திருப்பவர்களும் சிக்கல் என்றால் அங்கேதான் போய் நிற்கிறார்கள். அங்கே எழுதப் போகிறவர்களுக்கு அடிப்படை விதிகள் மூன்று. தொகுப்புச் சுருக்கத்தை எப்போதும் எழுது. பல மாற்றங்களை ஒரே மூச்சில் செய்யாதே. கட்டுரையை முழுதாகத் திருப்பி எழுதப்போகிறாய் என்றால் அதைப் பற்றி விவாதிக்கும் பேச்சுப் பக்கத்தில் முதலில் சொல். மரியாதையாகப் பேசு என்பதை அந்த மூன்றில் சேர்க்கவில்லை, கவனியுங்கள். இந்த மூன்றையும் செய்கிறவன் தானாகவே மரியாதையானவன் ஆகிவிடுகிறான்.

இரண்டாவது விதியின் அருமை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். ஒரு பத்தியை மேலிருந்து கீழே நகர்த்தி, அதே நேரத்தில் அதன் வாக்கியங்களைத் திருத்தி, அதிலேயே இரண்டு வரிகளையும் நீக்கிச் சேமித்துப் பாருங்கள். வேறுபாட்டைக் காட்டும் பக்கம் முழுவதும் வண்ணக் குழம்பாகிவிடும். எது நகர்ந்தது, எது செத்தது என்று கண்டுபிடிக்க முடியாது. நகர்த்துவது ஒரு சேமிப்பு, திருத்துவது இன்னொன்று, நீக்குவது தனியாக ஒன்று. மூன்று முறை சேமித்தால் விரல் தேய்ந்துவிடாது. நான் அந்த 90 விநாடி வரியை எடுத்த அன்று தலைப்புகளையும் மாற்றினேன், எண் வரிசையையும் மாற்றினேன். சரிபார்க்க வந்தவர் கண்ணில் அது படவே இல்லை.

இதே பெட்டி தமிழ் விக்கிப்பீடியாவிலும் உண்டு, ஆர்ச் விக்கியும் அதுவும் மீடியாவிக்கி என்ற ஒரே மென்பொருளில்தான் ஓடுகின்றன. அங்கே சுருக்கம் எழுதாததற்கு ஒரு காலத்தில் நியாயமான சாக்கும் இருந்தது. 2018 வரை அந்தப் பெட்டியின் கொள்ளளவு 255 பைட்டு. ஆங்கிலத்துக்கு ஓர் எழுத்து ஒரு பைட்டு. நமக்கோ புள்ளியும் கொம்பும்கூடத் தனிக் குறி, ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டு. ‘தமிழ்’ என்ற மூன்றெழுத்துச் சொல்லே 15 பைட்டை விழுங்கிவிடும். இடைவெளி விடாமல் அதைப் பதினேழு முறை எழுதினால் பெட்டி நிரம்பிவிடும். இப்போது பைட்டுக் கணக்கு போய் 500 குறிகள் எழுதலாம். சாக்கு தீர்ந்துபோய்ப் பல ஆண்டுகள் ஆகியும் பலரது பெட்டி காலியாகவே கிடக்கிறது.

அதைவிட எரிச்சலூட்டுவது ‘இது ஒரு சிறு தொகுப்பு’ என்ற குறியைப் போட்டுவிட்டுப் பத்தியையே மாற்றுகிறவர்கள். சிறு தொகுப்பு என்றால் ஒற்றுப்பிழை, விடுபட்ட புள்ளி. தாங்கள் கண்காணிக்கும் பக்கங்களின் மாற்றங்களைக் காட்டும் கவனிப்புப் பட்டியலில் சிறு தொகுப்புகளை மறைத்துவைப்பவர்கள் உண்டு. அவர்கள் கண்ணில் மண்ணைத் தூவுகிற வேலை இது.

எழுத்துக்கூட்டல் சண்டைக்கு வருகிறேன். தமிழ் விக்கிப்பீடியாவில் ஜெர்மனிக்குத் தலைப்பு செருமனி. ஜனவரி அங்கே சனவரி. எனக்கு இது பிடிக்காது, நான் ஜெர்மனி என்றுதான் எழுதுவேன், இந்தப் பதிவிலும் எழுதியிருக்கிறேன். ஆனால் அங்கே போய் அதை மாற்ற மாட்டேன். கிரந்த எழுத்து வேண்டுமா வேண்டாமா என்று அங்கே நிறையப் பேசியிருக்கிறார்கள், சென்னைத் தமிழையும் யாழ்ப்பாணத் தமிழையும் ஒரே பக்கத்தில் வைத்து எழுதுகிறவர்கள் அவர்கள். ஜெர்மனி என்று தேடினாலும் வழிமாற்று என்னை அங்கேயே கொண்டுபோய் விடுகிறது. உடன்பாடு இல்லையென்றால் ஆலமரத்தடியில் போய்ப் பேசலாம். பொது உரையாடலுக்கான பக்கத்துக்கு அங்கே அதுதான் பெயர், எவ்வளவு நல்ல பெயர் பாருங்கள்! ஒரு கட்டுரைக்குள் நுழைந்து வரிக்கு வரி ச-வை ஜ ஆக்குவது பேச்சு ஆகாது.

பேச்சுக்கும் ஓர் அளவு வேண்டும் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். தயிர்க் கட்டுரையின் தலைப்பு yogurt-ஆ yoghurt-ஆ, அதாவது ஹெச் எழுத்து இருக்கலாமா என்று ஆங்கில விக்கிப்பீடியாவில் ஆண்டுக்கணக்கில் வழக்காடினார்கள். 2011-இல்தான் ஹெச் இல்லாத தலைப்பு நிலைத்தது. காற்புள்ளி வைக்க அனுமதி கேட்டுப் பேச்சுப் பக்கத்தில் வந்து நிற்கும் நல்ல மனிதர்களையும் பார்த்திருக்கிறேன். அய்யா, அதற்கெல்லாம் கேட்காதீர்கள், வைத்துவிட்டுப் போங்கள்.

அமெரிக்க நிரலாளர் வார்டு கன்னிங்காம் 1995-இல் முதல் விக்கியைத் தொடங்கியபோது பெயரை ஹொனலூலு விமான நிலையத்து ‘விக்கி விக்கி’ பஸ்ஸிலிருந்துதான் எடுத்தார். ஹவாய் மொழியில் விக்கி என்றால் விரைவு. அதைக் காட்டி, ‘வேகமாக எழுதத்தானே இது, சுருக்கமெல்லாம் எழுதிக்கொண்டிருந்தால் எப்படி’ என்று என்னிடம் ஒருவர் வாதாடினார். சேர்ப்பவருக்கு அந்தச் சலுகையை நான் தருவேன். தவறாகச் சேர்த்தது பக்கத்தில் கண்ணெதிரே நிற்கும், அடுத்து வருகிறவர் திருத்திவிடுவார். நீக்கியது கண்ணுக்கே தெரியாது. வரலாற்றைத் தோண்டுகிறவருக்கு மட்டும்தான் தெரியும், எல்லாம் கெட்டபிறகுதான் யாரும் தோண்டுகிறார்கள். அதனால் நீக்குகிறவர் கூடுதலாக ஒரு வாக்கியம் கடன்பட்டவர் என்பது என் கட்சி. புதிதாக வந்தவர் எழுதியதை நீக்கிப் பழையபடி மீளமைக்கிறவர் இரண்டு வாக்கியம் கடன்பட்டவர்.

எங்கள் பக்கத்தில் அந்த வரியை மறுநாளே திரும்பச் சேர்த்தேன். ஏன் காத்திருக்க வேண்டும் என்பதையும் பக்கத்திலேயே எழுதினேன். சென்ற மாதம் யாரோ அதைத் தொட்டிருப்பதாக அறிவிப்பு வந்ததும் நெஞ்சு பதறித் திறந்து பார்த்தேன். அதே தம்பி. 90 என்பதை 40 ஆக்கியிருந்தான். சுருக்கத்தில், ‘வட்டுகளை மாற்றியாயிற்று, எழுதி முடிக்க 25 வினாடிதான் ஆகிறது, மூன்று முறை சோதித்தேன், கூடுதலாக 15 விட்டிருக்கிறேன்’ என்று இருந்தது. ‘விநாடி’ என்பதுதான் என் வழக்கம், கை துறுதுறுத்தது. நல்லவேளை, அந்தப் பெட்டியில் ஒருமுறை எழுதியதை யாராலும் திருத்த முடியாது.