தூள் போட்டால் தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் வந்துகொண்டே இருக்குமா?

"இந்த வினையூக்கித் தூளைத் தண்ணீரில் போட்டால் போதும், மின்சாரமும் வேண்டாம், சூடும் வேண்டாம், ஹைட்ரஜன் வந்துகொண்டே இருக்கும்" என்றொரு தகவல் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு.

வினையூக்கி வேதிவினையின் வேகத்தைத்தான் கூட்டும். ஆற்றல் கணக்கில் அது கைவைக்க முடியாது. நீரைப் பிரித்து 1 கிலோ ஹைட்ரஜன் எடுக்கச் சுமார் 39 கிலோவாட் மணி ஆற்றல் எங்கிருந்தாவது உள்ளே போயாக வேண்டும்.

வெறும் வெப்பத்தால் பிரிக்க 2,000 டிகிரி செல்சியஸுக்கு மேல் தேவை. அந்தச் சூட்டைக் குறைக்கத்தான் வெப்பவேதிச் சுழற்சிகள்: வேறு வேதிப்பொருள்களைத் துணைக்குச் சேர்த்து நீரைப் பல படிகளில் பிரித்து, அந்தப் பொருள்களைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் முறைகள். கந்தக-அயோடின் சுழற்சியில் கந்தக அமிலம் சிதையும் படிக்கே ஏறத்தாழ 850 டிகிரி வேண்டும். அங்கே பிளாட்டினம் வினையூக்கி உதவுகிறது, உண்மைதான். உலையை அணைத்தால் அதுவும் சும்மா கிடக்கும். இன்னொரு சுழற்சியில் பயன்படும் சீரியம் ஆக்சைடு என்ற உலோக ஆக்சைடோ 1,500 டிகிரி அளவில் ஆக்சிஜனை விடுகிறது. பிறகு குறைந்த வெப்பத்தில் நீராவியிடமிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கி, ஹைட்ரஜனை விடுவிக்கிறது. இதையும் வினையூக்கி என்கிறார்கள். கறாராகச் சொன்னால், வினையில் பங்கேற்றுப் பழைய நிலைக்குத் திரும்பும் பொருள் அது.

அப்படியானால் தூள் போட்டதும் குமிழி வருவது எப்படி? அலுமினியத் தூளைக் காரக் கரைசலில் போட்டாலே ஹைட்ரஜன் வரும். ஆனால் அங்கே அலுமினியம்தான் எரிபொருள்; அது தீர்ந்ததும் குமிழியும் நின்றுவிடும். வீட்டில் முயல வேண்டாம், தீப்பொறி பட்டால் வெடிக்கும்.