வந்த பிள்ளை மேல் பழி

மூன்று திகில் படங்களின் முடிவுகளைப் போட்டு உடைக்கப் போகிறேன். 'ஆர்ஃபன்', 'தி ஓமன்', 'தி பேட் சீட்' பார்க்காதவர்கள் இத்தோடு கழன்று கொள்ளலாம்.

நேற்று ராத்திரி 'ஆர்ஃபன்' (2009) மூன்றாவது தடவை. முதல் தடவை எஸ்தரைப் பார்த்துப் பயந்தேன். இந்தத் தடவை அவளைத் தத்தெடுத்த ஜான் மேல்தான் ஆத்திரம். இந்தப் பிள்ளையிடம் ஏதோ சரியில்லை என்று மனைவி கேட் தலைபாடாய் அடித்துக்கொள்கிறாள். அவள் முன்பு குடிக்கு அடிமையாக இருந்தவள் இல்லையா, அவள் பேச்சு எடுபடவில்லை. எஸ்தர் செய்வதெல்லாம் ஏற்கெனவே இருந்த விரிசலில் விரலை விடுவதுதான்.

'தி ஓமன்' (1976) இன்னும் மோசம். ரோமில் ராபர்ட் தார்னின் மனைவிக்குப் பிரசவம். குழந்தை இறந்துவிட்டது என்கிறார்கள். பாதிரியார் ஒருவர் வேறொரு சிசுவைக் காட்ட, தார்ன் அதை வாங்கிக்கொள்கிறார். மனைவியிடம் மூச்சு விடவில்லை. அந்தச் சிசுதான் டேமியன். அவன் சாத்தானின் மகனாகவே இருந்துவிட்டுப் போகட்டும், அந்த வீட்டுக்குள் முதல் பொய்யைக் கொண்டுவந்தது அவன் இல்லையே!

ஆனாலும் பழி வந்த பிள்ளை மேல்தான். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். இந்தப் படங்களில் ஊரார் பிள்ளைக்கு ஊட்டினால் தன் பிள்ளையின் உயிருக்கே ஆபத்து. தத்தெடுத்த பிள்ளையைச் சொந்தப் பிள்ளை போல நேசிப்பது கஷ்டம்தான் என்கிற மாதிரி ஒரு வசனத்தை 'ஆர்ஃபன்' டிரெய்லரில் வைத்தார்கள். தத்தெடுப்பு அமைப்புகள் கொதித்ததும் டிரெய்லரிலிருந்து தூக்கினார்கள்.

இன்னொன்று. எவ்வளவு கொடூரமான குழந்தையானாலும், ஒரு பெரியவர் அதைக் கொல்வதைப் பார்க்க நமக்கு மனசு வராது. திரைக்கதை எழுதுகிறவர்களுக்கும் இது தெரியும். அதனால்தான் எஸ்தர் குழந்தையே இல்லை, 33 வயதுப் பெண் என்று முதலில் காட்டிவிடுகிறார்கள். அப்புறம் கேட் அவளை உதைத்துப் பனிக்குளத்தில் தள்ளும்போது நாம் கூசாமல் பார்க்கிறோம். (எஸ்தராக நடித்த இசபெல் ஃபுர்மனுக்குப் படம் வந்தபோது 12 வயது. 2022-ல் வந்த முன்கதையிலும் அவரேதான் எஸ்தர், வளர்ந்த பிறகு!) டேமியன் வெறும் சிறுவனாகவே இருப்பதால் அப்பா கத்தியை ஓங்கியும் காரியம் நடக்கவில்லை, அதற்குள் போலீஸ் அவரைச் சுட்டுவிடுகிறது.

இதற்கெல்லாம் மூத்தது 'தி பேட் சீட்' (1956). இதில் கொலை செய்யும் சிறுமி ரோடா, வயிற்றில் பிறந்த மகள்தான், ஆனால் அவள் அம்மா கிறிஸ்டின் வளர்ப்புப் பிள்ளை, பெற்றவளோ தொடர்கொலைகாரி. விரை ஒன்று போட்டால் சுரை ஒன்று முளைக்குமா என்கிற அதே கதை. சுற்றி வளைத்துக் கடைசியில் தத்தில்தான் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். படத்துக்கு மூலமான நாவலில் ரோடா பிழைத்துக்கொள்வாள். குற்றவாளி தப்பிக்கக் கூடாது என்பது அன்றைய ஹாலிவுட் தணிக்கை விதி. அம்மாவே கொல்வதற்காகத் தூக்க மாத்திரை கொடுத்தும் பிழைத்த பிள்ளையை வேறு யார் கையால் கொல்வது? வானத்திலிருந்து இடியை இறக்கிவிட்டார்கள்.

அப்படியும் அவர்களுக்கு உறுத்தியிருக்க வேண்டும். படம் முடிந்ததும் நாடக மேடை போல நடிகர்களை ஒவ்வொருவராக அறிமுகம் செய்கிறார்கள். கடைசியில் அம்மா ரோடாவை மடியில் குப்புறப் போட்டு, பின்பக்கம் நாலு வைக்கிறாள்.